காசநோயா, இல்லையா? சளிதான் சொல்ல வேண்டும்

நுரையீரல் காசநோய் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். நெஞ்சக நோய் மருத்துவர்களும் ஆய்வக நுட்புநர்களும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, லாரி ஓட்டுகிறார். ஒன்றரை மாதமாக இருமல். மருந்துக் கடையில் டானிக் வாங்கிக் குடித்தார். பிறகு ஒரு கிளினிக்கில் ஐந்து நாளுக்கு லெவோபிளாக்சசின் கொடுத்தார்கள், நன்றாகக் கேட்டது. மாத்திரை முடிந்து பத்து நாளில் மறுபடியும் இருமல். பீடி குடிப்பதால்தான் என்கிறார். காசநோயாக இருக்குமோ? (சிவகாசி வாசகி)

பதில்: இருக்கலாம். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் யாருக்கு இருந்தாலும், பீடி குடிப்பவராகட்டும், பஞ்சாலையில் வேலை பார்ப்பவராகட்டும், சளியைப் பரிசோதித்துவிட வேண்டும். புகைப்பவருக்கு எப்போதும் இருக்கும் இருமல் ஒன்று. அந்த இருமலின் போக்கு மாறுவது இன்னொன்று. சளி கூடியிருக்கிறதா, சளியில் ரத்தக் கீற்று தெரிகிறதா, மாலையில் மெல்ல ஏறி இரவில் பனியன் நனைய வியர்த்து இறங்கும் காய்ச்சல் உண்டா, சோறு இறங்கவில்லை என்கிறாரா, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துகிறதா என்று பாருங்கள். எடையையும் போட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்கு வந்திருந்தால், அதுவே ஓர் அறிகுறிதான்.

எல்லா அறிகுறியும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2019–21-இல் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், கிருமி உறுதியானவர்களில் 100-க்கு 42 பேருக்கு மேல் எக்ஸ்-ரே எடுத்ததால்தான் பிடிபட்டார்கள். அறிகுறியை மட்டும் கேட்டுக்கொண்டு போயிருந்தால் அவர்கள் விடுபட்டிருப்பார்கள்.

மாத்திரை நன்றாகக் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, எங்களுக்குக் கவலை தருவது அதுதான். லெவோபிளாக்சசின், சிப்ரோபிளாக்சசின், மாக்சிபிளாக்சசின் எல்லாம் ஒரே குடும்பம். இவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடிக்கும். ஐந்து நாள் கொடுத்தால் கிருமி எண்ணிக்கை குறையும், காய்ச்சல் விடும், இருமல் தணியும். அந்த நேரத்தில் சளியைச் சோதித்தால் ஒன்றும் தெரியாமலே போகலாம். மிச்சம் இருப்பவை பிறகு பெருகும். நோயைக் கண்டுபிடிப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகவும் வழி பிறக்கும். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு இந்த மாத்திரைகளைத்தான் நம்பியிருக்கிறோம் என்பதால் இதைச் சாதாரண இருமலுக்கு வீணாக்குவது எங்களுக்குப் பொறுக்கவில்லை. சளி கொடுத்து முடிவு வரும்வரை இந்த வகை மாத்திரை இனி வேண்டாம். பழைய மருந்துச் சீட்டை எடுத்துப்போய்க் காட்டுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சளி கொடுக்கலாம், கட்டணம் கிடையாது.

கேள்வி: அப்பாவுக்கு எக்ஸ்-ரேயில் வலது மேல் பகுதியில் நிழல் இருக்கிறது. இரண்டு முறை சளி கொடுத்தும் 'நெகட்டிவ்'. அப்படியானால் காசநோய் இல்லை என்று விட்டுவிடலாமா? (கரூர் வாசகர்)

பதில்: விட்டுவிடக் கூடாது. முதலில், எந்தப் பரிசோதனையில் நெகட்டிவ் என்று பாருங்கள். மைக்ராஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட வேண்டுமானால் ஒரு மி.லி. சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். சிபிநாட் என்கிற மரபணுப் பரிசோதனைக்கு ஏறக்குறைய 130 போதும். கல்ச்சர் எனப்படும் வளர்ப்புப் பரிசோதனை இன்னும் குறைவாக, 10 முதல் 100 வரை இருந்தாலே பிடித்துவிடும்; ஆனால் முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்குச் செய்தது மைக்ராஸ்கோப் மட்டும் என்றால், சிபிநாட் அல்லது அதைப் போன்ற நம் நாட்டுக் கருவியான ட்ரூநாட்டில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். எக்ஸ்-ரேயில் நிழல் இருப்பவருக்கு இது கட்டாயம் செய்ய வேண்டியது.

அடுத்தது, கொடுத்தது சளியா எச்சிலா என்பது. ஆய்வகத்துக்கு வருகிற டப்பாக்களில் நுரைத்த எச்சில் மட்டும் இருப்பது வாடிக்கை. அதை எவ்வளவு நல்ல இயந்திரத்தில் போட்டாலும் நுரையீரலில் இருப்பது தெரியாது. சரியாகக் கொடுக்கும் முறை இது. காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். வாய் கழுவும் மருந்துத் திரவம் கூடாது. வீட்டுக்கு வெளியே, திறந்தவெளியில், எதிரே யாரும் நிற்காத இடமாகப் போக வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்து, சில விநாடி அடக்கி, பிறகு வெளியே விட வேண்டும்; இப்படி இரண்டு மூன்று தடவை. அடுத்த மூச்சில் அடிவயிற்றிலிருந்து பலமாக இருமினால் கோழை கிளம்பி வரும். டப்பாவை உதட்டோடு ஒட்டிப் பிடித்து அதில் துப்ப வேண்டும். 2 முதல் 5 மி.லி. தேவை, அதாவது ஒரு தேக்கரண்டி அளவு வரை. கெட்டியாக, வழவழப்பாக, மஞ்சளோ வெள்ளையோ கலந்து இருந்தால் அது சளி. தெளிந்த தண்ணீராக நுரையோடு இருந்தால் எச்சில். மறுபடி முயல வேண்டும். மூடியை இறுக்க மூடுங்கள், ஒழுகிய டப்பாவை ஆய்வகம் ஏற்காது. பெயரை மூடியில் எழுதாமல் டப்பாவின் உடம்பில் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் மூடி மாறிவிடும். அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். வண்டியில் வெயில் படும்படி வைக்காதீர்கள்.

காலைச் சளி ஒன்று, மருத்துவமனையில் வைத்தே எடுக்கும் சளி ஒன்று என இரண்டு மாதிரி கொடுப்பது வழக்கம். காலைச் சளியில்தான் இரவெல்லாம் சேர்ந்தது வரும், கிருமியும் அதில்தான் அதிகம். எவ்வளவு முயன்றும் வரவில்லை என்றால், 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் வைத்து இழுக்கச் சொல்லிச் சளியைக் கிளப்பலாம். அதுவும் பலிக்காதபோது குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி எடுப்பார்கள்.

சிபிநாட் அறிக்கையைப் படிப்பதில் நேரும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு வரி இருக்கும். முதல் வரி கிருமி இருக்கிறதா என்பது. இரண்டாவது வரி, ரிபாம்பிசின் என்ற முதன்மை மருந்தை அந்தக் கிருமி எதிர்க்கிறதா என்பது. முதல் வரியில் 'டிடெக்டட்', இரண்டாவது வரியில் 'நாட் டிடெக்டட்' என்று வந்தால் காசநோய் இருக்கிறது, வழக்கமான மருந்து கேட்கும் என்று பொருள். கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு நோய் இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

சிபிநாட்டிலும் நெகட்டிவ் வந்தால்? அப்போதும் முழுமையாக விலக்கிவிட முடியாது. கல்ச்சர், சி.டி. ஸ்கேன் என்று தொடர வேண்டும். அப்பாவின் வயதில் நுரையீரல் புற்றுநோயும் இதே நிழலாகத் தெரியக்கூடும் என்பதால், 'எதற்கும் இருக்கட்டும்' என்று காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் 'ஓல்டு கோக்ஸ், ஃபைப்ரோசிஸ்' என்று எழுதித் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆறு மாத மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: தழும்பு மாத்திரையால் மறையாது. 'ஓல்டு கோக்ஸ்' என்றால் பழைய காசநோய் என்று பொருள். எப்போதோ கிருமி தொற்றி, உங்களுக்கே தெரியாமல் ஆறி, நுரையீரலின் உச்சியில் நார்போலக் கோடுகளோ சுண்ணாம்புப் புள்ளிகளோ விட்டிருக்கலாம். கிருமி தொற்றியவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேர்தான் வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள்.

ஆனால் தழும்பா, நடப்பு நோயா என்று ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு வரும் காசநோய், நுரையீரலின் மேல் மடலிலும் கீழ் மடலின் மேற்பகுதியிலும்தான் பெரும்பாலும் இடம் பிடிக்கும். முதலில் மேகம் போன்ற மெல்லிய நிழல் தெரியும். திசு அழுகி, இருமலில் வெளியேறினால் அங்கே குழி விழும். குழியில் காற்று இருப்பதால் கிருமி கோடிக்கணக்கில் பெருகும். அப்படிப்பட்டவர் இருமும்போதுதான் அதிகம் பரவுகிறது. ஆறும்போது திசு சுருங்கி, மூச்சுக்குழாயை ஒரு பக்கமாக இழுத்துவிடும். இதில் நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிய, பழைய எக்ஸ்-ரே ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படத்தில் நிழல் மாறாமல் இருந்து, சிபிநாட், கல்ச்சர் இரண்டிலும் கிருமி இல்லை என்றால் சிகிச்சை வேண்டியதில்லை. அந்த நாடுகளின் விதியில் பழைய தழும்புக்கும் இடமில்லை என்பது வேறு விஷயம். அதற்காகத் தேவையில்லாத நான்கு மருந்தை ஆறு மாதம் விழுங்கிக் கல்லீரலை வருத்திக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தேன். டி.பி. ஐஜிஜி, ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. (சென்னை வாசகி)

பதில்: அந்த அறிக்கையைத் தூக்கிப்போடுங்கள். காசநோயைக் கண்டறிய, ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் இந்த வகைப் பரிசோதனை செய்யக் கூடாது என்று 2012 ஜூனிலேயே மத்திய அரசு தடை விதித்துவிட்டது. இருப்பவருக்கு இல்லை என்றும் இல்லாதவருக்கு இருக்கிறது என்றும் காட்டும். 'டி.பி. கோல்டு' என்பது வேறு வகை, தடை இல்லை. ஆனால் அது கிருமி எப்போதாவது உடலுக்குள் வந்ததா என்று மட்டும்தான் சொல்லும், இப்போது நோய் இருக்கிறதா என்று சொல்லாது. ஈ.எஸ்.ஆர். எனப்படும், ரத்தச் சிவப்பணு படியும் வேகம் கூடுவதும் அப்படித்தான், பல் வீங்கினாலும் கூடும். இருமல் இருந்தால் சளி கொடுங்கள்.

கேள்வி: நான்கு வயதுப் பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, அடிக்கடி சளி பிடிக்கிறது. கையில் ஊசி போட்டுப் பார்த்து 8 மி.மீ. என்றார்கள். 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று ஆறு மாத மருந்து எழுதியிருக்கிறார்கள். தொடங்கலாமா? (ஈரோடு தம்பதி)

பதில்: இன்னொரு குழந்தை மருத்துவரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள். நம் ஊரில் சாப்பிடாத பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். முதன்முறை கிருமி நுழையும் இடத்தில் நுரையீரலில் ஒரு சிறு புண்ணும், அதை ஒட்டி நெஞ்சுக்குள் இருக்கும் நெறிக்கட்டியில் வீக்கமும் வருவதுதான் பிரைமரி காம்ப்ளக்ஸ். பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆனால் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு அது உண்மையான நோயாக மாறும் என்பதும் நிஜம். அதனால் அலட்சியமும் கூடாது, அவசரமும் கூடாது.

கையில் போட்டுப் பார்த்தது மாண்டூ ஊசி. அதில் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தால்தான் பாசிட்டிவ். எச்.ஐ.வி. தொற்று இருந்தால் மட்டும் 5 மி.மீ. போதும். அளப்பதிலேயே தவறு நடக்கிறது. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை அளக்கக் கூடாது, தடிப்பை மட்டும் அளக்க வேண்டும். பால்பாயின்ட் பேனாவைத் தோலில் வைத்து வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெல்லக் கோடு இழுத்தால், தடிப்பின் ஓரத்தில் பேனா தட்டி நிற்கும். எதிர்ப்பக்கமும் அப்படியே இழுத்து, முன்கைக்குக் குறுக்காக இரு கோட்டின் நுனிகளுக்கு நடுவே அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் வந்தாலும்கூட அது கிருமி தொற்றியதற்கு அடையாளமே தவிர நோய்க்கு அல்ல.

பார்க்க வேண்டியவை வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமலோ காய்ச்சலோ உண்டா, எடை ஏறாமல் நிற்கிறதா, இறங்குகிறதா, கடந்த இரண்டு ஆண்டில் வீட்டிலோ பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கோ காசநோய் இருந்ததா, எக்ஸ்-ரேயில் நெறிக்கட்டி வீங்கியிருக்கிறதா? சந்தேகம் வலுத்தால் கிருமியைத் தேட வேண்டும். இந்த வயதில் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் இரவு வெறும் வயிற்றோடு தூங்கிய பிள்ளை படுக்கையை விட்டு எழும் முன்பே, மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பைத் திரவத்தை 5 முதல் 10 மி.லி. உறிஞ்சி எடுத்து சிபிநாட்டுக்கு அனுப்புவார்கள். எழுந்து நடமாடிவிட்டால் இரைப்பை காலியாகிவிடும்.

வீட்டில் பெரியவர் யாருக்காவது நுரையீரல் காசநோய் உறுதியாகி இருந்தால் கதை மாறிவிடும். பையனுக்கு நோய் இல்லை என்று தெளிவானதும் தடுப்பு மருந்து கொடுத்தே ஆக வேண்டும், மாண்டூ எப்படி இருந்தாலும்.

கேள்வி: பிறந்ததும் பி.சி.ஜி. போட்ட தழும்பு கையில் இருக்கிறது. பிறகு எனக்கு எப்படிக் காசநோய் வந்தது? (வேலூர் வாசகர்)

பதில்: பி.சி.ஜி. சிறு குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகை, உடல் முழுதும் பரவும் வகைக் காசநோய்களிலிருந்து காக்கும். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதை, 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிப் பல்லாண்டு நடந்த மிகப் பெரிய ஆய்வே காட்டியது.

கேள்வி: 22 வயது மகனுக்குக் காய்ச்சல், இடது பக்கம் குத்தல். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, டி.பி. என்கிறார்கள். தங்கைக்கு ஒட்டிக்கொள்ளுமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: நீர் சேர்ந்திருப்பது நுரையீரலுக்குள் இல்லை, அதைப் போர்த்திய உறையில். இளவயதில் கிருமி தொற்றிய சில மாதங்களில் இப்படி வருவதுண்டு. உறையில் மட்டும் இருந்தால் இருமலில் கிருமி வெளியே வராது, ஒட்டாது. ஆனால் நீருக்குப் பின்னால் நுரையீரலிலும் புண் மறைந்திருக்கலாம். இருமல் இல்லாவிட்டாலும் சளியைக் கிளப்பி எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் முடிவு வரும்வரை மகன் தனி அறையில், ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கட்டும்.

நீரை ஊசி வைத்து எடுத்திருப்பார்கள். வைக்கோல் நிறத்தில், புரதம் கூடி, லிம்போசைட் அணுக்கள் நிறைந்து, ஏ.டி.ஏ. என்ற நொதி 40-க்கு மேல் இருந்தால் காசநோயாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த நீரில் கிருமி மிகச் சொற்பம், அதனால் சிபிநாட் நெகட்டிவ் ஆவது சகஜம். உறுதி வேண்டுமானால் உறையிலிருந்து துளி திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு வகை 'மிலியரி'. கிருமி ரத்தத்தில் கலந்து இரண்டு நுரையீரலிலும் தினை தூவியதுபோல 1 முதல் 3 மி.மீ. புள்ளிகள் தெரியும். சளியில் பெரும்பாலும் கிருமி அகப்படாது. தொடக்கத்தில் எக்ஸ்-ரேகூடச் சரியாக இருக்கக்கூடும். நீண்ட காய்ச்சலோடு தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் மூளை உறைக்கும் பரவியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. திடீரென்று கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை, மெலிகிறார். காய்ச்சல் இல்லை. எக்ஸ்-ரேயில் கீழ்ப் பகுதியில் நிழல், நிமோனியா என்றார்கள். (மதுரை வாசகர்)

பதில்: சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு. நிழல் மேலே இருந்தால்தான் காசநோய் என்ற கணக்கு இவர்களிடம் பலிக்காது, கீழ் மடலிலும் வரும். காய்ச்சல் தெரியாமலே போகும். மெலிவதைச் சர்க்கரையின் தலையில் போட்டுவிடுவார்கள். காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவதே உள்ளே ஒரு தொற்று இருக்கலாம் என்பதற்கு அடையாளம். சிபிநாட் செய்யுங்கள். காசநோய் உறுதியானால், ரிபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் மாத்திரை அளவை மாற்றவோ இன்சுலினுக்குப் போகவோ நேரும்.

கேள்வி: மூன்று வருடம் முன்பு ஆறு மாத மருந்தை முழுதாகச் சாப்பிட்டுக் குணமானேன். இப்போது சளியில் ரத்தம். சிபிநாட்டில் லேசாக பாசிட்டிவ் என்கிறார்கள். (தூத்துக்குடி வாசகர்)

பதில்: சிபிநாட் கிருமியின் மரபணுவைத் தேடுகிறது, உயிருள்ளதா செத்ததா என்று பிரித்துச் சொல்லாது. செத்த கிருமியின் மிச்சம் நீண்ட காலம் சளியில் வரக்கூடும். சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க மைக்ராஸ்கோப்பையும் கல்ச்சரையும் பயன்படுத்துவது அதனால்தான். உங்களுக்குக் கல்ச்சர் அவசியம். கிருமி வளர்ந்தால்தான் நோய் திரும்பியிருக்கிறது என்று உறுதியாகும். ரத்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. பழைய குழியில் பூஞ்சை உருண்டையாக வளரும், தழும்பு விழுந்த மூச்சுக்குழாய்கள் விரிந்து கசியும். இவற்றை சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். கீற்றாக வருவதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு டம்ளர் அளவுக்கு வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நோய் இருந்த பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுங்கள், நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்காது.

கேள்வி: தம்பிக்குக் காசநோய் உறுதியாகிவிட்டது. உயரம் 160 செ.மீ., எடை 35 கிலோ. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் போதுமா? (திருவண்ணாமலை வாசகி)

பதில்: பெரும்பாலானோருக்கு வீடே போதும். 1959-இல் வெளியான மதராஸ் ஆய்வு, வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களும் ஒரே அளவில் குணமானதைக் காட்டிய பிறகுதான் உலகம் முழுவதும் படுக்கை வைத்தியம் மாறியது. ஆனால் உங்கள் தம்பி அந்தப் பெரும்பாலானோரில் இல்லை.

எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். 35-ஐ 2.56-ஆல் வகுத்தால் 13.7. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதுவே ஆபத்து. 14-க்கும் 16-க்கும் நடுவே இருந்து இரண்டு காலும் வீங்கியிருந்தாலும் அப்படித்தான். மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் 94-க்குக் கீழ், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாத நிலை, இவற்றில் ஒன்று இருந்தாலும் படுக்கையில் சேர்த்துத்தான் சிகிச்சை. காசநோயால் இறப்பவர்களில் பலர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்தான் இறக்கிறார்கள்.

ஆகவே இன்றே மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எடை, உயரம், மாத்திரை தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள், மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி., கல்லீரல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சேர்க்கத் தயங்கினால் பி.எம்.ஐ. 13.7 என்ற எண்ணைச் சொல்லுங்கள். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வர, ஆதாரையும் பாஸ்புக்கையும் காசநோய்ப் பிரிவில் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். வீட்டில் உள்ள மற்றவர்கள் அனைவரும், இருமல் இல்லாவிட்டாலும், அதே மருத்துவமனையில் ஒரு எக்ஸ்-ரே எடுத்துவிடுங்கள்.